கோதுமைக் கட்சிக்காரர் ஹூபர்ட் பிக்கெட்

"கடவுளுக்கு மூக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாது. இருந்தா, அதுக்கு அடுத்த மூக்கு இதுதான்."

லாரியின் பின்கதவில் ஒரு கையை ஊன்றி, மறு கையின் ஆட்காட்டி விரலால் தம் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டி ஹூபர்ட் பிக்கெட் இப்படிச் சொன்னபோது, எங்கள் பங்குத்தந்தை பக்கத்திலேயே நின்றிருந்தார். அறுவடை முடிந்து ஆலைக்கு வரும் முதல் கோதுமை லாரிக்குத் தீர்த்தம் தெளிப்பதற்காக ஆண்டுதோறும் வருகிறவர் அவர். தெளிக்கும் கை ஒரு கணம் நின்றது. பிறகு, ஒப்பீட்டில் முதலிடம் கடவுளுக்கே விடப்பட்டிருப்பதைக் கவனித்து, மேற்கொண்டு தெளித்தார்.

ஹூபர்ட் நிறுத்தவில்லை. "சீட்டு, லேபிளு, கம்ப்யூட்டரு எல்லாம் மூக்கில்லாதவன் வச்சுக்கிறது. முப்பத்தோரு வருஷமா நான் மோந்து பாத்துத்தான் இந்த வாசல்ல லாரி நுழையுது. இதுவரைக்கும் இந்த மூக்கு ஒரு தப்புப் பண்ணினதில்ல. இனிமேலும் பண்ணாது. வேணும்னா கல்லறையில எழுதி வைங்க."

கல்லறை வாசகத்தை எழுதும் வேலை நிச்சயம் என்னிடம்தான் வரும். எங்கள் ஆலையில் பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வாசகம் எழுதுகிறவன் நான். பிறந்தே இராத தாத்தாக்களையும், அவர்கள் ஒளித்து வைத்த பக்குவங்களையும் பத்தொன்பது ஆண்டுகளாகக் கண்டுபிடித்து வருகிறேன். ஹூபர்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. ஆள் கட்டை. கால்சட்டையைத் தோள்பட்டையிலிருந்து இரண்டு சிவப்பு வார்கள் தாங்குகின்றன. அவற்றை நம்பாமல் இடுப்பில் ஒரு பெல்ட்டும் போட்டிருப்பார். தலையில் விதைக் கடைக்காரன் சும்மா கொடுத்த தொப்பி. முகத்தில் மற்ற உறுப்புகள் எல்லாம் மூக்குக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கி இருக்கின்றன. நெடுஞ்சாலையில் எங்கள் ஆலையின் விளம்பரப் பலகையில் அந்த முகம் மட்டும் இருபதடி உயரத்துக்கு இருக்கிறது. கீழே 'இந்த மூக்கு சொன்னால் சரி' என்ற வாசகம். அதுவும் என் கைங்கரியம்தான். வசந்த காலத்தில் பலகையின் பின்னால், சரியாக இடது நாசிக்கு நேரே, ஒரு குருவி கூடு கட்டும். ஹூபர்ட் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு" என்பார்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கென்டக்கியில் பர்பன் விஸ்கி என்றால் பெரும்பகுதி சோளம்தான். எங்கள் கொப்பரையில் நூறு பங்கில் எழுபது சோளம், பன்னிரண்டு முளைகட்டிய பார்லி. எஞ்சிய பதினெட்டுப் பங்கில் கோதுமை போடுவதா, அதன் பங்காளியான ரை என்னும் தானியத்தைப் போடுவதா என்பதில்தான் இந்த மாவட்டம் இரண்டாகக் கிடக்கிறது. மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் கான்வென்ட் ரிட்ஜில் நாங்கள் கோதுமைக் கட்சி. அந்தப் பக்கத்து ஆலை ரைக் கட்சி. கோதுமை போட்டால் சரக்கு நாக்கில் மெத்தென்று உட்காரும். ரை போட்டால் மிளகைக் கடித்தது போல் சுரீர் என்று எழுந்து நிற்கும். இந்தப் பதினெட்டுப் பங்குக்காக இங்கே சகோதரர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற எண்பத்திரண்டு பங்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

ஹூபர்ட் மனித குலத்தையே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார். அவர் மனைவி நெல்டா கோதுமை. நெல்டாவின் தங்கை ரை. பங்குத்தந்தை "கோதுமைதான், ஆனா தவக்காலத்துல மட்டும் லேசா ரை." போன ஆண்டு குடலிறக்க அறுவைக்காக லூயிவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மயக்கம் தெளிந்த மறுநாள் காலை அவருக்கு வாட்டிய ரொட்டி வந்தது. முகர்ந்து பார்த்தார். மணியடித்து நர்சை வரவழைத்தார்.

"அம்மா, இதுல ரை இருக்கு."

"ஆமாங்க. வயித்துக்கு நல்லது."

"நான் இங்க வந்தது வயித்தத் தைக்கிறதுக்கு. மதம் மாறுறதுக்கு இல்ல."

அன்று பகல் முழுவதும் ஜெல்லி மட்டும் சாப்பிட்டார்.

லாரியைச் சோதிக்கும் முறை ஒரு பூசை. சுற்றுலாப் பயணிகள் அதற்காகவே நேரம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஓட்டுநர் நீட்டும் எடைச் சீட்டை ஹூபர்ட் வாங்கமாட்டார்; வேறு யாராவது வாங்கி அலுவலகத்து ஆணியில் குத்திவைப்பார்கள். லாரியின் நடுவயிற்றிலிருந்து ஒரு கை தானியத்தை அள்ளுவார். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணு பொய் சொல்லும், பகல்லயே பல பேர பாத்து ஏமாந்திருக்கேன்" என்பார். கையைக் குவித்து, அதனுள் சூடாக ஒரு மூச்சு விடுவார். பிறகு மூக்கை உள்ளே புதைத்து நீளமாக இழுப்பார். கடைசியில் நாலு மணியை வாயில் போட்டு மெல்லுவார். கோதுமையை மென்றால் பசை போல் திரண்டு வரும். ரை திரளாது, கூழாகக் கரைந்து போகும். இதற்கு மேல் ஒரு சோதனை உலகத்தில் தேவையே இல்லை.

அந்த மெல்லும் கட்டத்தை அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டார் என்பது பயணிகளுக்குத் தெரியாது. நெல்டா சொல்லித்தான் எனக்கே தெரியும். மேல்வரிசைக்குப் பல்செட் வந்திருந்தது. அதைக் கட்டிய முதல் வாரம் பழக்கதோஷத்தில் கோதுமையை மென்றிருக்கிறார். பசை திரண்டு பல்செட்டோடு ஒட்டி, அத்தனையும் ஒன்றாகக் கழன்று வந்துவிட்டது. "வீட்டுக்கு வந்து கைக்குட்டையப் பிரிச்சாரு. பல்லு கோதுமையக் கடிச்சிருக்கா, கோதுமை பல்லக் கடிச்சிருக்கான்னே தெரியல" என்றாள் நெல்டா. அதன்பின் வாயில் போடுவதுபோல் போட்டு, வெறுமனே தாடையை அசைப்பார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

இரண்டாவது ரகசியம் இன்னும் பெரியது. ஆகஸ்ட் கடைசியில் ஓஹியோ ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க ராக்வீட் என்கிற பூண்டு பூக்கும். முதல் உறைபனி விழும்வரை அதன் மகரந்தம் காற்றில் மஞ்சளாக மிதக்கும். மாவட்டத்தில் பாதிப் பேர் தும்முவார்கள், மீதிப் பேர் மாத்திரை விழுங்குவார்கள். ஹூபர்ட்டுக்கும் ஒவ்வொரு செப்டம்பரும் மூக்கு சிமெண்ட் பூசினாற்போல் அடைத்துக்கொள்ளும். ஆனால் விளம்பரப் பலகையில் இருபதடி மூக்கை வைத்திருப்பவர் சளி பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? பங்குத்தந்தை திடீரென்று தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது போலாகிவிடாதா? முற்றத்தில் மூக்கை உறிஞ்சாமல், பீப்பாய்க் கிடங்கின் பின்னால் போய் உறிஞ்சிவிட்டு வருவார்.

பல்லும் இல்லாமல் மூக்கும் இல்லாமல், கண்ணையும் மூடிக்கொண்டு, போன செப்டம்பர் இரண்டாவது வாரம் அவர் ஒரு லாரியைச் சோதித்தார்.

ஓட்டுநர் புதியவன். சீட்டை நீட்டி, "ஐயா, இது எந்த ஆலைன்னு..." என்று ஆரம்பித்தான். ஹூபர்ட் ஒரு கையை உயர்த்தினார். சுற்றிலும் இருபத்தைந்து பயணிகள். கண்ணை மூடினார், ஊதினார், இழுத்தார், தாடையை அசைத்தார். நானும் அங்கேதான் நின்றேன். "கோதுமை. தெற்கு வயல். லேசா மழை கண்டிருக்கு" என்றார். கைதட்டினார்கள். ஓட்டுநர் சீட்டைப் பார்த்தான், ஹூபர்ட்டைப் பார்த்தான், விளம்பரத்தில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டுகொண்டு சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கொப்பரையைப் பார்த்துக்கொள்பவள் அர்லீன் விம்செட். இருபத்திரண்டு ஆண்டுகளாக ரப்பர் பூட்சோடு அந்த இரும்பு மேடையில் நிற்கிறாள். சோளத்தைக் கொதிக்கவிட்டு, சூடு தணிந்தபின் கோதுமையைக் கொட்டுவது வழக்கம். கோதுமை பரம சாது. போட்ட இடத்தில் கிடக்கும். மறுநாள் காலை கொட்டிய கொஞ்ச நேரத்தில் கொப்பரை முனகியது. பிறகு நுரைத்தது. நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மேடை வழியாக இறங்கி, படிக்கட்டில் நிதானமாக நடந்து தரைக்கு வந்தது. நாங்கள் ஓடிப் போனபோது அர்லீன் முழங்கால் அளவு நுரையில் நின்றிருந்தாள்.

"ஹூபர்ட், இது கோதுமை இல்லய்யா. கோதுமை இப்படி ஏறி வராது."

"புதுக் கோதுமைக்கு உற்சாகம் ஜாஸ்தி."

அர்லீன் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தா, உன் திருக்கண்ணத் திறந்து பாரு. ஒல்லியா இருக்கு, பச்சையா இருக்கு. இது ரை!"

பின்னால் எங்கள் மேலாளர் டார்சி க்ளெமென்ட்ஸ் நின்றிருந்தாள். சின்சினாட்டியில் ஒரு பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. வயது முப்பத்து நாலு. அவளுக்கும் பின்னால், செருப்பில் நுரை ஏறிய பயணிகள். ஹூபர்ட் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"இந்த வருஷம் மழ கம்மி. கோதுமை மெலிஞ்சுபோச்சு" என்றார்.

"நேத்து மழ கண்டிருக்குன்னு சொன்ன!"

"கண்டது வேற, குடிச்சது வேற. நீ சூட்ட ஏத்தி வச்சிருப்ப, அர்லீன். அதான் பொங்கிருச்சு."

சொன்னபோது அதை நம்பித்தான் சொன்னார். இதை அவர் பக்கம் எழுதிவைக்க வேண்டியது நியாயம். அவர் அளவில் அடுப்பு தப்புப் பண்ணலாம், ஆள் தப்புப் பண்ணலாம், ஆற்றுத் தண்ணீர் தப்புப் பண்ணலாம். பட்டியலில் மூக்கு மட்டும் இல்லை.

இரண்டு நாளில் அந்தத் தானியம் முழுவதும் தீர்ந்தது. பீப்பாய்க்குப் போகுமுன் வெள்ளைச் சாராயத்தை முகர்ந்து சொல்வதும் அவரே. "சுத்தமான கோதுமை" என்றார், மூச்சு வாய்வழியாகப் போய் வந்துகொண்டிருக்க. அர்லீனும் முகர்ந்தாள்.

"எனக்கு மிளகு அடிக்குது."

"காலைல முட்டைல தூக்கலா போட்டிருப்ப."

பத்தொன்பது பீப்பாய் நிரப்பினார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கோதுமை என்று முத்திரை விழுந்தது. டார்சி இரண்டு பேரின் பேச்சையும் எடை போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் ரப்பர் பூட்ஸ், மறுபக்கம் நெடுஞ்சாலைப் பலகை. அர்லீனைக் கொப்பரையிலிருந்து எடுத்துப் பரிசுப்பொருள் கடையில் போட்டாள். இருபத்திரண்டு ஆண்டு ஆவியில் வெந்த பெண், கழுத்தில் பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் பொம்மைகளையும் விஸ்கி ஊற்றிய சாக்லேட்டையும் விற்க ஆரம்பித்தாள். பொம்மைகளில் அதிகம் போனது ஹூபர்ட்டின் முகம். "ஒரு டஜன் மூக்க வித்தேன் இன்னிக்கி. ஒண்ணாவது வேல செய்யுதான்னு சோதிச்சுக் குடுக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் டார்சி முடிவை அறிவித்தாள். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை சின்சினாட்டியிலிருந்து புது ஆள் வருகிறான், கொப்பரை அவனுக்கு. அர்லீன் நிரந்தரமாகக் கடைக்கு. அன்று காலை பத்தரைக்கு மாற்றல் காகிதத்தில் அவள் கையெழுத்துப் போடவேண்டும்.

பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை விடியலில் முதல் உறைபனி விழுந்தது. ராக்வீட் ஒரே நாளில் கருகியது. காலை எட்டு மணிக்கு ஹூபர்ட்டின் மூக்கு திறந்தது. நெல்டா சொன்னபடி, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "அடுப்புல பன்றிக்கறி தீயுது, பக்கத்து வீட்டுக்காரன் சோப்பு மாத்திட்டான், நாய் ஈரம்" என்று மூன்று அறிக்கை விட்டிருக்கிறார். மூன்றும் சரி. திரும்பி வந்த மூக்கைக் கூட்டிக்கொண்டு நேரே கிடங்குக்குப் போனார். ஒவ்வோர் ஆண்டும் போவார், பனிக்குப் பிறகு பீப்பாய்களுக்கு நலம் விசாரிக்க. வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், அந்தப் பத்தொன்பதில் ஒன்றின் தக்கையைக் கழற்றிக் குனிந்தார்.

நான் கணக்கெடுப்புக்காக உள்ளே போனபோது அவர் அப்படியே குனிந்து நின்றிருந்தார்.

"என்ன ஹூபர்ட், முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல. மரம். இந்தத் தடவ பீப்பா மரம் கொஞ்சம் காரமா வந்திருக்கு" என்று தக்கையை அடித்தார். ஒரு தக்கைக்கு நாலு அடி போதும். அவர் பதினைந்து அடி அடித்தார்.

மரத்தின்மேல் பழி போட்டு அவர் ஒரு நாள் ஓட்டினார். சனிக்கிழமை மாலை பங்குக் கூடத்தில் பர்கூ விருந்து. இங்கே ஊர்கூடிக் கிண்டும் கறிக்குழம்பு அது. எந்தக் கறி என்று கேட்பது மரியாதையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கட்சியும் ஒரே மேசையில் உட்காருவது அன்றுதான். ஹூபர்ட்டுக்கு எதிரே ரோமன் ஸ்பால்டிங் உட்கார்ந்தார். முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஆலையில் தானியம் பார்க்கிறவர். அங்கேயும் மூக்கால்தான். அவருக்குத் தனியாகப் பலகை இல்லை என்பதில் ஹூபர்ட்டுக்கு ஒரு நிம்மதி உண்டு.

"எங்க ஆலைல ஒரு அதிசயம் நடந்துச்சு" என்றார் ரோமன். "செப்டம்பர்ல வந்த ரை. கொப்பரைல போட்டா ஒரு பொட்டு நுரை இல்ல. கன்னுக்குட்டி மாதிரி கிடந்துச்சு. சாராயத்த மோந்து பாக்குறேன், மெத்துனு இருக்கு. நம்ம பக்கத்து ரைக்கும் கடைசியில பக்குவம் வந்துருச்சுய்யா!"

ஹூபர்ட்டின் கரண்டி நடுவழியில் நின்றது.

அன்று அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. லாரிகள் இரண்டும் மாறிப் போயிருக்கின்றன. எங்கள் கோதுமையை ரோமன் ஸ்பால்டிங் ரை என்று முகர்ந்து வாங்கியிருக்கிறார். முப்பத்தோரு ஆண்டுகளாக ஹூபர்ட் காத்திருந்த வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது. மேசைமேல் ஏறி நின்று கூடமே கேட்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரோமன் முகர்ந்தது எங்கள் கோதுமை என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? ரோமனின் ரை எங்கே போயிற்று? வாயைத் திறந்தார். மூடினார். காது சிவந்தது. நெல்டா முதுகில் தட்டினாள்.

"எலும்பா?" என்றார் ரோமன்.

"எலும்புதான்" என்றார் ஹூபர்ட். "பெரிய எலும்பு."

கூடத்தின் மறுகோடியில் அர்லீன், யாரோ அவளிடம் புதுக் கடை எப்படி என்று கேட்க, "உக்காந்தே செய்யலாம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹூபர்ட் அதையும் கேட்டார். மீதிக் குழம்பை நாய்க்கென்று டப்பாவில் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போனார். உள்ளே நடந்ததைப் பங்குத்தந்தை சொல்லமாட்டார். ஹூபர்ட் வண்டியில் வரும்போது நெல்டாவிடம் சொன்னார், நெல்டா மற்ற எல்லாரிடமும் சொன்னாள்.

"பரிகாரமா பத்து ஜெபம் குடுத்தா அங்கயே முட்டி போட்டு முடிச்சிரலாம்னு பாத்தேன். பழி யார் மேல விழுந்துச்சோ அங்க போய் எடுத்துருன்னுட்டார்."

"சரியாத்தானே சொல்லியிருக்காரு."

"இந்த ஆளு எப்பவும் கொஞ்சம் ரைதான்னு நான் சொல்லல?"

திங்கட்கிழமை காலை டார்சியின் அறையில் நான் ஒரு பின்பக்க வாசகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஹூபர்ட் வந்தார். தொப்பியைக் கழற்றினார், அதுவே அபூர்வம்.

"மேடம், கொப்பரை பொங்கினது அர்லீன் தப்பு இல்ல. வந்தது ரை லாரி. நான்தான் கோதுமைன்னு சொல்லிட்டேன். அந்த மாசம் மூக்கு அடைச்சிருந்துச்சு. பத்தொன்பது பீப்பாய்லயும் இருக்கிறது ரை."

டார்சி பேனாவை வைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"மிஸ்டர் ஹூபர்ட், உங்க மாதிரி மனசு யாருக்கு வரும்? கூட வேல செஞ்சவங்களக் காப்பாத்த உங்க பேரையே கெடுத்துக்கறீங்க."

"இல்ல மேடம், நெசமாவே தப்பு."

"உங்க மூக்கா? தப்பா?" அவள் சிரித்தாள். "போன வாரம் நிறுவனத்துல அந்தப் பலகைய இன்னும் மூணு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்காங்க."

"மோந்து பாருங்க. மிளகு அடிக்கும்."

"எனக்கு எல்லாமே விஸ்கி வாசனதான் அடிக்குது, மிஸ்டர் ஹூபர்ட். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

ஒரு மனிதனின் பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்தால் அவன் எங்கே போய் முறையிடுவான்? ஹூபர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அர்லீன் அன்று கையெழுத்துப் போடவில்லை. பதினொன்றுக்குக் கொப்பரை மேடையில், தன் பூட்சில் நின்றாள். சின்சினாட்டி ஆள் வாசல்வரை வந்து, ஒரு சாக்லேட் டப்பாவோடு திரும்பிப் போனான். பத்தொன்பது பீப்பாய்களின் முத்திரையும் மாறியது. நாலு ஆண்டு கழித்து அவை வெளிவரும்போது ஒட்டுவதற்கு, 'தலைமுறைகளாகத் திட்டமிட்டு, ஒரே ஒருமுறை வடித்த அரிய ரை' என்று இப்போதே எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் டார்சி. எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தாத்தா வருகிறார்.

இதற்கெல்லாம் காரணமானது நடந்தது பத்தே காலிலிருந்து பத்தரைக்குள். எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டார்சி பரிசுப்பொருள் கடைக்கு நடந்தாள், நானும் போனேன். கடை நிறையப் பயணிகள், இன்டியானாவிலிருந்து ஒரு பஸ் வந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் ஹூபர்ட் நின்றிருந்தார். பூப்போட்ட ஏப்ரன் அவர் கழுத்தில் இருந்தது. சிவப்பு வார், பெல்ட், அதன் மேல் ஏப்ரன். பக்கத்தில் அர்லீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"குடுய்யா அத. கோமாளி மாதிரி இருக்க."

"நீ கொப்பரைக்குப் போ. தப்புப் பண்ணினவன்தானே இங்க நிக்கணும்."

"நீ சொன்னா ஆச்சா? மேடம்தான் நம்ப மாட்டேங்கறாங்களே."

டார்சியைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பயணிகள் ஹூபர்ட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அந்த மூக்குக்காரர்! பலகைல பாத்தோமே!" என்று குரல் எழுந்தது. நரைத்த கூந்தலில் ஊதா ரிப்பன் கட்டிய ஒரு பெண்மணி அலமாரியிலிருந்து ஒரு வாசனை மெழுகுவர்த்தியை எடுத்து, கண்ணாடிக் குவளையோடு அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, உங்க மூக்கு என்ன சொல்லுது? இதுல என்ன வாசன இருக்கு?"

எல்லாரும் கிட்டே நெருங்கினார்கள். பஸ் ஓட்டுநர்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். கதவில் சாய்ந்திருந்த டார்சியின் முகத்தில், தன் பொருளின் தரம் தெரிந்த வியாபாரியின் புன்னகை. மூன்றடி தள்ளி நின்ற எனக்கே வெனிலா குப்பென்று அடித்தது. தெருவில் போகிற நாய்க்கும் அடித்திருக்கும்.

ஹூபர்ட் குவளையை இரு கையாலும் வாங்கினார். கண்ணை மூடினார். குவித்து ஒரு மூச்சு ஊதினார். மூக்கை உள்ளே புதைத்து, நீளமாக, பலகைக்குப் பொருத்தமாக இழுத்தார். அர்லீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்தார். குவளையைத் தலைகீழாகத் திருப்பி, கையை எட்டிய மட்டும் நீட்டிப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்த லேபிளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.